பெண்கள் தட்டும் வளையம்

யஸ்த் நகரத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு மத்தியானம். வெயில் கொளுத்தியது, ஆனால் வேர்க்கவில்லை. அப்படிக் காய்ந்த காற்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஈரானில் சோற்றுக்குக் குறைவில்லை, உறைப்புத்தான் இல்லை. யோகராணி அக்கா கைப்பைக்குள் ஒரு போத்தல் இடிசம்பல் ஒளித்துக் கொண்டுவந்திருந்தபடியால் மூன்று பேரும் பிழைத்தோம்.

என் பெயர் கிளடிஸ். ரொறன்ரோவில், ஸ்காபுறோ வோபர்ன் பக்கம், இராஜரட்ணம் அண்ணையும் அவர் பெண்சாதி யோகராணி அக்காவும் இருக்கிற வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன். அவர்கள் சைவம், நான் கத்தோலிக்க வேதக்காரி. என் மனுஷன் கண்ணை மூடின பிறகு அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். தங்களுக்கு வசதியான நேரங்களில் அவர்களும் என்னைக் குடும்பத்தில் ஒருத்தி என்பார்கள்.

அண்ணைக்கு ஓய்வு எடுத்த நாளிலிருந்து பழைய இடம் பார்க்கிற பைத்தியம். கம்போடியா, பெரு, எகிப்து என்று ஓடித் திரிந்து, போன இடமெல்லாம் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஒருத்தரும் பார்க்காவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கொரோனாவுக்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஈரானின் முறை வந்தது. "யோகராணிக்குத் துணைக்கு நீரும் வாரும் கிளடிஸ்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அக்கா அங்கே ஒரு கட்டடத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அவருடைய மனம் முழுவதும் மகள் லக்சிகாவிடம் இருந்தது.

பயணத்துக்கு முந்தின கிழமை லக்சிகா ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கியிருந்தாள். யூனியன்வில்லில் பெரிய வீடு. புருஷன் ராகுலன் வீடு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட். பஸ் தரிப்பிடமெல்லாம் அவன் பல்லைக் காட்டுகிற விளம்பரம்தான். அந்தப் பல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை லக்சிகா சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். பச்சையும் கறுப்புமாகக் கன்றியிருந்தது. அண்ணை அதைப் பார்த்தார், பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

"புருஷன் பெண்சாதிக்குள்ளை ஆயிரம் இருக்கும். கட்டிக் குடுத்த பிள்ளை சூட்கேஸோடை வந்து நிண்டா சனம் என்ன கதைக்கும்?" என்றார். பிறகு தானே ராகுலனுக்கு ஃபோன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அக்கா குசினிக்குள் நின்று அழுதார். அடுத்த கிழமை ராகுலன்தான் எங்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினான். லக்சிகா வரவில்லை. கேட்டதற்குத் தலையிடி என்றான்.

கனேடியப் பாஸ்போர்ட்டோடு ஈரானில் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டி வேண்டும். எங்களுக்கு வாய்த்தவள் மஹ்னாஸ் என்ற பெண். நல்ல ஆங்கிலம், நல்ல பொறுமை. வானத்தை முட்டுகிற இரட்டை மினார்களும் நீல ஓடுகளுமாக நின்ற பெரிய பள்ளிவாசலைக் காட்டினாள். காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குகிற மண் கோபுரங்களைக் காட்டினாள். பிறகு நிலத்துக்குக் கீழே இருந்த ஒரு பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் படியிறங்கிக் கூட்டிப்போனாள். கீழே போகப் போகக் குளிர்ந்தது. தண்ணீர் வற்றி எத்தனையோ காலமாம், ஆனாலும் பாசி பிடித்த ஈர மண்ணின் மணம் மூக்கில் ஏறியது.

மேலே வந்து, மண் சுவர்களுக்கு நடுவே வளைந்து போகிற ஒடுங்கிய தெருக்களில் நடந்தோம். ஒரு பழைய மரக் கதவுக்கு முன்னால் மஹ்னாஸ் நின்றாள்.

"இந்த ஊர்க் கதவுகளில் தட்டுவதற்கு இரண்டு பொருள் இருக்கும். கனமான இரும்புத் துண்டு ஆண்கள் தட்ட, மெல்லிய வளையம் பெண்கள் தட்ட. சத்தத்தைக் கேட்டதும் வந்தது யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். வளையம் தட்டினால் வீட்டுப் பெண் எழும்பிப் போய்த் திறப்பாள்."

அண்ணை வீடியோ எடுத்தார். நான் பார்த்தது அந்த வளையத்தைத்தான். அதைச் சுற்றி ஒரு பழந்துணி இறுக்கிக் கட்டப்பட்டு, ஆட முடியாதபடி கதவோடு முடிந்திருந்தது.

"இது மட்டும் ஏன் கட்டியிருக்கு?" என்று கேட்டேன்.

மஹ்னாஸ் குரலைத் தாழ்த்தினாள். "முன்னொரு காலத்தில் இந்த வீட்டு மகள் புருஷனுடைய அடி தாங்காமல் ஓடி வந்தாள். பகல் முழுவதும் இந்த வளையத்தைத் தட்டினாள். தகப்பன் உள்ளேதான் இருந்தான். ஒருவரும் எழும்பக்கூடாது என்றான். வீட்டுப் பெண்கள் மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பொழுதுபடப் புருஷன் வந்து இழுத்துக்கொண்டு போனான். பிறகு அவளைப் பிணமாக எடுத்தது நாம் இறங்கிப் பார்த்த அந்தத் தொட்டியிலிருந்து."

"அந்த வீட்டு ஆக்களுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்றேன்.

"அதை இந்தக் கதவுக்கு முன்னால் நின்று சொல்வதில்லை" என்றுவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள்.

அண்ணை எங்களைப் பார்த்துச் சிரித்தார். "தகப்பன் செய்தது சரிதானே. ஒருக்காத் திறந்தா பிறகு நெடுகத் திறக்கவேண்டி வரும்."

அக்கா அண்ணையின் முகத்தைப் பார்த்தார். அண்ணை கமராவோடு முன்னால் போனதும் அவர் அந்தக் கதவடியிலேயே நின்றுவிட்டார். எங்கள் சனத்துக்கு எங்கே துணி கட்டியிருந்தாலும் அது நேர்த்திதான். கோயில் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டுவார்கள், விசா வரம் கேட்டும் கட்டுவார்கள். அக்காவும் அப்படித்தான் எண்ணினார். கைலேஞ்சித் துணியில் ஒரு டொலர் காசை முடிந்து அந்த வளையத்தில் கட்டப்போனார். பழந்துணி இடம் விடவில்லை, அதை இழுத்தார். வெயிலில் உக்கிப் போயிருந்த துணி கையோடு வந்துவிட்டது.

கட்டி முடித்துக் கண்ணை மூடினார்.

"நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. என்ரை பிள்ளைக்கு ஒரு வழி காட்டு" என்று முணுமுணுத்தார்.

அண்ணை திரும்பி வந்தார். "என்ன நிண்டு தூங்கிறீர்? ஓ, உது கழண்டிட்டுதே? பொறும், வீடியோவுக்கு ஒருக்காத் தட்டிப் பாப்பம்" என்று வளையத்தைப் பிடித்துத் தட்டினார்.

கோப்பையில் கரண்டி படுவது போல மெல்லிய, சுத்தமான சத்தம்.

கதவின் கீழிருந்து ஈர மண்ணின் மணம் வந்தது.

மஹ்னாஸ் ஓடி வந்தாள். நிலத்தில் கிடந்த பழந்துணியைப் பார்த்தவள் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. "வாருங்கள், பஸ்ஸுக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் வேறு எந்த இடத்தையும் காட்டவில்லை. அண்ணைக்குக் கோபம், பார்க்க இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்ததாம்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து, சூட்கேஸைக்கூட முழுதாகக் காலி பண்ணவில்லை. ஒரு பின்னேரம் மேலே அக்காவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தட்டுகிற சத்தம் கேட்டது.

எங்கள் வாசலில் இருப்பது இரும்புக் கதவு. கமரா வைத்த மணி. வளையம் கிடையாது.

சத்தம் வளையத்தினுடையது.

அண்ணை போய்த் திறந்தார். ஒருத்தரும் இல்லை. குளிர் காற்றோடு பாசி மணம் உள்ளே வந்து, கதவை அடைத்த பிறகும் போகவில்லை.

அது அடிக்கடி வரத் தொடங்கியது. எப்போதும் பகலில்தான், ஆட்கள் விழித்திருக்கிற நேரத்தில்தான். அண்ணை முதலில் அணில் என்றார், பிறகு பக்கத்து வீட்டுக் கிறிஸ்மஸ் தோரணம் காற்றுக்கு அடிக்கிறது என்றார். ஒவ்வொரு தடவையும் வாசலில் ஆள் நிற்பதாகக் கமரா அவருடைய ஃபோனுக்குச் சொல்லும். திறந்து பார்த்தால் வெறும் படி. எரிச்சலில் மணியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். நான் பேஸ்மென்ட் கதவில் செபமாலையைத் தொங்கவிட்டேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அக்கா பயந்தது வேறு விதம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் லக்சிகாவுக்கு ஃபோன் எடுப்பார். எடுத்தால் ராகுலன் கதைப்பான். "அவள் குளிக்கிறாள் மாமி." "அவள் படுத்திட்டாள் மாமி." மகளின் குரலைக் கேட்டே கன நாளாகிவிட்டது. "ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வருவமே?" என்று அண்ணையிடம் கெஞ்சுவார். "சும்மா இரும். அவையின்ரை குடும்பத்துக்குள்ளை தலை போடாதையும்" என்பார் அவர்.

ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் விடாமல் கேட்டது. தட்டுவது பொறுமை இழந்த கை என்று தெரிந்தது. அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கத்தினார்.

"இனி உந்தச் சத்தத்துக்கு இந்த வீட்டிலை ஒருத்தரும் எழும்பக்கூடாது. சொல்லிப்போட்டன்!"

எனக்குக் கையில் சோறு அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார். இதே வார்த்தையை மஹ்னாஸின் வாயால் கேட்டது இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. அண்ணைக்கு வரவில்லை. அல்லது வந்தும் காட்டிக்கொள்ளவில்லை.

தைப்பொங்கல் கழிந்து, பெரிய பனிப்புயல் அடித்த நாள். நான் காலை வேலை முடித்து வந்து, கீழே போர்வைக்குள் சுருண்டிருந்தேன். பின்னேரம்தான், ஆனால் வெளியே மாரிக்கால இருட்டு மண்டிவிட்டது. மேலே சத்தம் தொடங்கியது. பழகிப்போன சத்தம் என்று திரும்பிப் படுக்கப் பார்த்தேன்.

என் ஜன்னல் நிலமட்டத்தில் இருக்கிறது. வாசற்படியில் நிற்பவரின் கால் மட்டும் அதில் தெரியும்.

கால் தெரிந்தது.

வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு, பனியில் நனைந்து ஊறியிருந்தது. லக்சிகாவுக்கு அக்கா வாங்கிக் கொடுத்த செருப்பு.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சோடிக் கால் நின்றது.

வெறுங்கால். விரலெல்லாம் சேறு. பனி அந்தக் காலில் விழுந்து கரையவில்லை.

படியில் நான் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேலே அண்ணை முன்கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். கையில் ஃபோன். அதற்குள் ராகுலனின் குரல்.

"மாமா, அவள் உங்கைதான் வருவாள். திறந்து போடாதேங்கோ. நான் வந்துகொண்டிருக்கிறன்."

"ஓம் தம்பி. வாரும்" என்று அண்ணை ஃபோனை வைத்தார்.

"அண்ணை, லக்சிகா வெளியிலை நிக்கிறா. காலிலை சப்பாத்துக்கூட இல்லை" என்றேன். அந்தக் குளிரில் மனிதர் கன நேரம் தாங்கமாட்டார்கள், அது அவருக்கும் தெரியும்.

"அது உந்தச் சத்தம் பிள்ளை. வேறை ஒண்டுமில்லை."

பொய். அவருடைய கண்ணே அதைச் சொன்னது.

வெளியிலிருந்து தேய்ந்த குரல் வந்தது. "அம்மா... இட்ஸ் மீ. ப்ளீஸ் அம்மா, திறவுங்கோ."

அக்கா சோபாவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன. குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார், யாரோ வேறு ஒருத்தியின் கைகளைப் பார்ப்பது போல.

எழும்பினார்.

"விலத்துங்கோ."

"யோகராணி, இரும் எண்டு சொல்லுறன்!"

"விலத்துங்கோ!"

முப்பது வருடத்துக்கு மேல் அந்த மனுஷனுக்கு எதிர்த்து ஒரு சொல் சொல்லாத பெண், தோளைக் கொடுத்து அவரை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். லக்சிகா உள்ளே விழுந்தாள். உதடு நீலம். கழுத்தில் பெருவிரல் பதிந்த அடையாளம். தாய் அவளை அணைத்து உள்ளே இழுத்துக் கதவை அடைத்தார். நான் போர்வை எடுக்க ஓடினேன், ஓடியபடியே பொலிசுக்கு ஃபோன் எடுத்தேன். புயலால் வரத் தாமதமாகும் என்றார்கள்.

திரும்பி வந்தபோது கம்பளத்தைக் கண்டேன்.

லக்சிகா விழுந்த இடத்திலிருந்து சேற்றுக் கால் அடையாளம் ஒன்று தனியாகப் போயிருந்தது.

அது அண்ணைக்கு முன்னால் போய் நின்றிருந்தது.

பாசி மணம் நெஞ்சை அடைத்தது. அண்ணை சுவரோடு ஒட்டி நின்று வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. கத்துகிறார் என்று தெரிந்தது.

சத்தம் வரவில்லை.

கையால் சுவரில் அடித்தார். சத்தம் வரவில்லை. மேசையில் இருந்த பூச்சாடியை எடுத்து நிலத்தில் அடித்தார். அது துண்டு துண்டாகச் சிதறியது, ஒரு சிறு சத்தமும் இல்லாமல்.

ஜன்னலில் கார் வெளிச்சம் விழுந்தது. ராகுலன் வந்துவிட்டான். கோட் இல்லை, வெறும் சேர்ட்டோடு இறங்கி வந்தான். வெறி பிடித்த அவசரம். கதவின் பக்கக் கண்ணாடிக்குள்ளால் அவனைப் பார்த்தோம். கையை ஓங்கிக் கதவில் குத்தினான்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பவும் குத்தினான். காலால் உதைத்தான். வாய் 'மாமா, மாமா' என்று அசைந்தது. காற்று ஊளையிடுவது கேட்டது, ஃப்ரிட்ஜ் ஓடுவது கேட்டது, லக்சிகாவின் பல் கிடுகிடுப்பதும் கேட்டது. அவன் மட்டும் கேட்கவில்லை.

அண்ணை பாய்ந்து வந்து கதவைத் திறக்கப் பார்த்தார். பூட்டுத் திரும்பவில்லை. இரண்டு கையாலும் கதவில் குத்தினார். வெளியே மருமகன், உள்ளே மாமன். இடையில் ஒரு கதவு. இரண்டு பேரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

வீடு அமைதியாக இருந்தது.

ராகுலன் களைத்துப்போய்க் காருக்குத் திரும்பினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கார்ச் சாவியும் ஃபோனும் உள்ளே. கார்க் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. கண்ணாடியில் குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எங்கள் வாசலுக்கு வந்தான். இந்த முறை அவன் அக்காவைப் பார்த்தான். கையைக் கூப்பினான். வாய் 'மாமி' என்றது.

அக்கா அவனைப் பார்த்தபடியே சோபாவில் போய் உட்கார்ந்தார். மகளின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவனுக்குக் கதவைத் திறக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கும் வரவில்லை. அதற்காக நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகப்போவதும் இல்லை.

பொலிஸ் வந்தபோது அவன் தெருவின் கடைசி வீட்டுப் படியில் முழங்காலில் இருந்தான். கை கதவில் ஒட்டி விறைத்திருந்தது, உயிர் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து அந்த வீடு வரை ஒவ்வொரு கதவிலும் அவனுடைய விரல் மொளியின் இரத்தம் இருந்தது. புயலென்றபடியால் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள், ரிவி பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு. ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். ஒரு சில பெண்கள் மட்டும் எங்கேயோ கரண்டி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகப் பொலிசுக்குச் சொன்னார்கள்.

லக்சிகா தேறிவிட்டாள். இப்போது மேலே தாயோடு இருக்கிறாள், படிக்கப் போகிறாள், சிரிக்கிறாள்.

அண்ணையும் இருக்கிறார். தொண்டையில் பிழையில்லை என்று எத்தனையோ டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அவர் இருமினாலும் கேட்பதில்லை, நடந்தாலும் கேட்பதில்லை. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து, உள்ளேயே கிடந்து கதவில் அடித்திருக்கிறார். நாங்கள் வெளியே வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தோம். அக்கா பல் தீட்டப் போனபோதுதான் கண்டார். அவருக்குப் பொல்லாத கோபமும் பொல்லாத பயமும் இருக்கின்றன, அவை கண்ணில் மட்டும் தெரிகின்றன.

போன மாதம் மஹ்னாஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. நான் நடந்ததை எழுதியிருந்தேன். அவள் பதறினாள். "அந்த வளையத்தைத் திரும்பவும் கட்டிவிடலாம். கட்டினால் அடங்கும் என்று இங்கே சொல்வார்கள். ஆனால் அவிழ்த்த கையின் சம்மதம் வேண்டும். உங்கள் அக்காவிடம் கேளுங்கள்."

அக்காவிடம் கேட்டேன். அண்ணை பக்கத்தில்தான் இருந்தார். கேட்டதும் கதிரையிலிருந்து இறங்கி, முழங்காலில் நின்று, பெண்சாதிக்கு முன்னால் கையைக் கூப்பினார். கண்ணால் நீர் ஓடியது. எனக்கே மனம் இளகிவிட்டது.

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கட்டவேண்டாம் எண்டு சொல்லு கிளடிஸ்."

"அக்கா..."

"அவள் என்ரை பிள்ளைக்கு வழி காட்டினவள். அவளை நான் திருப்பிக் கட்டமாட்டன். இந்த றோட்டிலையே இன்னும் எத்தினை வீடு கிடக்கு."

நான் அதை மஹ்னாஸுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? யோசிப்போம் என்று எழுதி அனுப்பிவிட்டு, தேநீர் போடப் போனேன். குசினி ஜன்னலால் எதிர்வீடு தெரியும். அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய மகள் முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பையோடு வந்திறங்கியதையும், அன்றே திரும்பிப் போனதையும் இந்த ஜன்னலால்தான் கண்டேன்.

கேத்தில் கொதிக்கத் தொடங்கும்போது சத்தம் கேட்டது.

எங்கள் வாசலில் இல்லை. எதிரே.

அவருடைய ஹோல் ஜன்னலில் திரைச்சேலை விலகியது. அவர் வாசலை எட்டிப் பார்த்தார். உள்ளே திரும்பி யாருக்கோ கையைக் காட்டினார், இரு, எழும்பாதே என்று.

எனக்குப் பின்னால் அக்கா கத்தியை வைத்துவிட்டு வந்து நின்றார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சத்தம் நிற்கவில்லை. அந்தக் கதவை ஒருத்தரும் வந்து திறக்கவில்லை.